விசையும் காயமும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இந்து வாலிபர் சங்க மேடையிலே கால்முறிவையும் முழங்கால் வீக்கத்தையும் பற்றிப் பேச வேண்டியதென்ன என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். 1897ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து சென்ற சுவாமி விவேகானந்தர், அடுத்த சில வாரங்களிற் சென்னை இளைஞர் முன் பேசியபோது, கீதையைக் கற்குமுன் உதைபந்தாடி உடம்பை உரமாக்க வேண்டும் என்ற கருத்தை வற்புறுத்தினார். இதனை எமது மேடைகளிலே பன்முறை கேட்டிருக்கின்றோம். ஆனால் உதைபந்தாடப் போனவன் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தால் யாது செய்வது என்பதை மாத்திரம் எவரும் எமக்குச் சொல்லித் தரவில்லை. தமிழிலே காயம் என்பது உடம்புக்கும் பெயர், உடம்பிற் படும் ஊறுக்கும் பெயர். முதற் காயத்தின் நிலையாமை பற்றி நம் சமயப் பெரியோர் மிகுதியாகவே பேசிவிட்டனர். இரண்டாவது காயத்தைப் பற்றி இன்று சிறிது பேசுவோம்.

முதலில் எமது குற்றத்தைச் சொல்லிவிடுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் பொங்கலையொட்டி உதைபந்தாட்டப் போட்டி ஒன்று வைத்தோம். எமது அங்கத்தவரான 17 வயதுத் தம்பி ஒருவர் பந்தை வெட்டிக்கொண்டு சடுதியாகத் திரும்பினார். எவரும் அவரை இடிக்கவில்லை, தடுக்கவுமில்லை. சப்பாத்தின் குமிழ்கள் நிலத்திற் பதிந்துபோய்ப் பாதம் அப்படியே நின்றது. உடம்பு மாத்திரம் திரும்பிற்று. முழங்காலுக்குள் 'டக்' என்று ஓர் ஓசை தமக்குக் கேட்டது எனப் பின்னர் அவர் சொன்னார். நாம் ஓடிப்போய்த் தூக்கினோம். "சுளுக்குத்தான், ஒன்றுமில்லை" என்றோம். நல்லெண்ணெய் கொண்டுவந்து ஒருவர் மாறி ஒருவராக உருவினோம். இருட்டுமுன் முழங்கால் பனங்காய் போல் வீங்கிவிட்டது. மூன்று நான்கு வாரத்தில் வீக்கம் வற்றியது, நோவும் நின்றது. சுகம் வந்துவிட்டதென்று நாமே மீண்டும் அவரை ஆட்டத்திற்கு அழைத்தோம். இரண்டாம் முறை முழங்கால் தானாக விலகி விழுந்தார்.

பின்னர்ப் படம்பிடித்துப் பார்த்தபோது, முழங்காலின் நடுவிலே துடையெலும்பையும் கீழெலும்பையும் பிணைக்கும் முன்புறப் பிணைநார் முற்றாக அறுந்திருந்தது. அது முதல் நாளே அறுந்ததாம். இரண்டாம் வீழ்ச்சியிலே எலும்புகளுக்கிடையே மெத்தை போற் கிடக்கும் குருத்தெலும்பும் கிழிந்துவிட்டது. பிணைநாரைச் சத்திரசிகிச்சையாற் சீர்செய்யலாம். கிழிந்த குருத்தெலும்பு பழையபடி ஆவது அரிது. முதற் காயத்திலே எமக்குப் பங்கில்லை. இரண்டாவது எம்மால் வந்தது. அவருடைய தாயார் எம்மை ஒரு வார்த்தையும் ஏசவில்லை. "தம்பிமாருக்கு என்ன தெரியும்" என்று மாத்திரம் சொன்னார். அதன் பின்னரே நாம் இவ்விடயத்தைத் தேடிப் படிக்கவும், தெரிந்த வைத்தியர்களிடம் கேட்கவும் தொடங்கினோம்.

படித்ததில் முதலாவதாக விளங்கியது யாதெனில், எமது பேச்சிலே சுளுக்கு என்ற ஒரே சொல் நான்கு ஐந்து வேறு காரியங்களைச் சுமக்கின்றது என்பதாகும். தசை இழுபட்டாலும் சுளுக்கு, பிணைநார் அறுந்தாலும் சுளுக்கு, மூட்டு விலகித் திரும்பப் பொருந்தினாலும் சுளுக்கு, சிற்றெலும்பு வெடித்தாலும் சுளுக்கு. பெயர் ஒன்றானபடியால் மருந்தும் ஒன்றாயிற்று: எண்ணெயும் உருவலும்.

இவற்றைப் பிரித்தறிய வேண்டுமானால் உடம்பின்மீது விசை எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை அறிதல் வேண்டும். இது கடினமான சாத்திரம் அன்று. இழுத்தல், அமுக்குதல், வளைத்தல், முறுக்குதல், கத்தரிக்கோலின் இரு அலகுகள் போல ஒன்றையொன்று கடந்து நறுக்குதல் என்னும் ஐந்துக்குள் எல்லாம் அடங்கும். எலும்பு அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுவையை அவ்வளவு தாங்காது. நறுக்கு விசையை அதனினும் குறைவாகவே தாங்கும். இதோ இந்த வெண்கட்டியைப் பாருங்கள். இரு முனையிலும் பிடித்து வளைக்கின்றோம், நேராக முறிந்துவிட்டது. இன்னொன்றை எடுத்து வளைக்காமல் முறுக்குகின்றோம். முறிந்த வாய் சரிவாகச் சுற்றிக்கொண்டு போகின்றதைக் காணலாம். பாதம் நிலத்தில் மாட்டிக்கொள்ள உடம்பு சுழன்றால் கணைக்கால் எலும்பும் இவ்வாறே சுருளாக முறியும். ஆகையால் முறிவின் வடிவத்தைப் படத்திற் கண்ட வைத்தியர், விழுந்த விதத்தை நேரிற் கண்டவர் போலச் சொல்லிவிடுகிறார். வளர்ந்தவரின் எலும்பு காய்ந்த கம்பு. பிள்ளையின் எலும்பு பச்சைப் பூவரசங்கம்பு. பச்சைக் கம்பை வளைத்தால் வெளிவளைவுப் பக்கம் மாத்திரம் கிழியும், மறுபக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகளின் கைமுறிவு பல இவ்வகையினவே.

விசையின் அளவு மாத்திரம் போதாது, அது எவ்வளவு இடத்திற் படுகின்றது என்பதும் கணக்கு. இதை எமக்குக் கற்பித்தது சித்திரை வருடப்பிறப்புப் போர்த்தேங்காய். இரண்டும் வைரமான காய்களே. எனினும் அடிப்பவன் தன் காயின் எந்த முகத்தை மற்றக் காயின் எந்த இடத்திலே இறக்குகின்றான் என்பதிலன்றோ வெற்றி இருக்கின்றது! முழங்காற் சில்லில் ஒருவனுடைய உள்ளங்கை படுவதற்கும் சப்பாத்துக் குமிழ் படுவதற்கும் உள்ள வித்தியாசமும் அதுவே. கணைக்காற் கவசம் செய்வது வேறொன்றுமில்லை. ஒரு புள்ளியில் விழும் அடியை ஒரு சாண் அகலத்திற்குப் பரப்பிவிடுகின்றது. இதை அணிய வெட்கப்படும் தம்பிமார் சிலர் இங்கேயும் இருக்கிறார்கள்.

அடுத்தது, விசை எவ்வளவு தூரத்தில் தணிகின்றது என்பது. இதற்கு எமது மண்ணிலேயே சிறந்த உதாரணம் உண்டு. பெரியவிளானிற் பிறந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்கள், 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் 1956இல் மெல்போர்ண் ஒலிம்பிக்கிலும் உயரம் பாய்ந்து, 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவிலே 2.03 மீற்றர் தாண்டி இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கப் பதக்கத்தைக் கொண்டுவந்தார். 2024இல் அவர் மறைந்தார். அவர் ஏறிய உயரத்தையே எல்லாரும் பேசுவர். இறங்கிய இடத்தை நாம் பேசுவோம். அக்காலத்திலே பாய்ந்தவர்கள் மணற் குழியிலும் மரத்தூளிலுமே விழுந்தார்கள். இரண்டு மீற்றர் உயரத்திலிருந்து விழும் உடம்பு, நிலம் 5 சென்ரிமீற்றர் மாத்திரமே இடங்கொடுத்து நிறுத்துமானால், சராசரியாகத் தன் நிறையின் ஏறக்குறைய 40 மடங்கு விசையை வாங்கும். அதே உடம்பு 50 சென்ரிமீற்றர் தாழ்ந்துகொடுக்கும் மெத்தையில் விழுந்தால் 5 மடங்கு மாத்திரமே. உயரமும் நிறையும் மாறவில்லை. நிற்பதற்குக் கிடைத்த தூரம் மாறிற்று. தடித்த மெத்தைகள் 1960களிலே வந்தபின்னரே, 1968இல் மெக்சிக்கோவிலே பொஸ்பரி என்பவர் முதுகுப்புறமாகப் பாய்ந்து 2.24 மீற்றர் தாண்டித் தங்கம் பெற்றார். மணற் குழியிலே பிடரிபட விழ யார் துணிவார்? பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும்படி துடுப்பாட்ட ஆசிரியர் சொல்வதும் இதே காரணம்பற்றியே.

உடம்பிலே இந்த மெத்தை வேலையைச் செய்வன மடங்கிய முழங்காலும் இடுப்பும், அவற்றைப் பிடித்திருக்கும் தசைகளுமாம். வலைப்பந்தாட்டத்தைப் பாருங்கள். வலிகாமத்து ஈவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் 208 சென்ரிமீற்றர் உயரத்தோடு இலங்கை அணிக்கு ஆடி, 2018இல் அவ்வணி ஆசியக் கிண்ணத்தை வென்றபோது முன்னின்றதை இங்குள்ள பெண்பிள்ளைகள் அறிவார்கள். அந்த ஆட்டத்தின் விதி, பந்தைப் பற்றி நிலத்திலே கால் பதித்தபின் அக்காலை எடுத்து மீண்டும் ஊன்றக் கூடாது என்பது. ஓடிவந்த வேகமெல்லாம் ஓரடியிலே நிற்க வேண்டும். முழங்காலை விறைப்பாக நீட்டி ஊன்றினால், அல்லது அது உட்பக்கம் சாய்ந்தால், தசை தாங்க வேண்டியதைப் பிணைநார் தாங்க நேரிடும். எமது தம்பிக்கு அறுந்த அதே பிணைநார்தான். உதைபந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களிலே இக்காயம் ஆண்களிலும் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் நேர்வதாக ஆராய்ந்தோர் கூறுகின்றனர். அதற்காகப் பெண்பிள்ளைகளை வீட்டில் இருத்திவிடலாம் என்று எண்ணும் பெரியோரைக் கேட்டுக்கொள்கின்றோம்: இறங்கும் விதத்தைப் பழக்கினால் இதிற் பெரும்பகுதியைத் தடுக்கலாம். முழங்காலை மடித்து, பாதவிரலுக்கு நேராக முழங்கால் நிற்க, இரு காலிலும் ஓசைப்படாமல் இறங்குதல். இதுவே பாடம்.

இதுவரை ஒரே அடியில் வரும் காயங்களைச் சொன்னோம். ஒரு நாளும் முறிக்காத சிறு விசை, ஆயிரம் முறை வந்து முறிப்பதும் உண்டு. பழைய கிணற்றுக் கட்டிலே கயிறு உராய்ந்த பள்ளத்தைக் கண்டிருப்பீர்கள். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் நிலம் எம்மை உடல் நிறையின் இரண்டு மூன்று மடங்கு விசையால் எதிர்த்து உதைக்கின்றது. குதிக்கால் நாணிலே விழும் இழுவை ஆறேழு மடங்கு. வேகப்பந்து வீசுவோனின் முன்கால் ஊன்றும்போது ஐந்து மடங்கும் அதற்கு மேலும். பந்து வீசும் வாலிபர்களுக்கு இடுப்பு முள்ளெலும்பிலே, வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில், நூல்போல ஒரு வெடிப்பு உண்டாவது இதனாலேதான். எலும்பு உயிருள்ள பொருள். ஓய்வு கொடுத்தாற் சிறு வெடிப்பைத் தானே அடைத்துக்கொள்ளும், முன்னிலும் உரமாகும். ஓய்வுக்கு முன் அடுத்த சுமை வந்தால் வெடிப்பு வளரும். எமது பாடசாலைகளின் வழக்கம் என்ன? மார்கழி வரையும் ஓடாத பிள்ளை, தை பிறந்ததும் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கென்று காலையும் மாலையும் காய்ந்து இறுகிய செம்மண் தரையிலே ஓடும். இரண்டாம் கிழமை கணைக்கால் நோகின்றது என்னும். 'சோம்பல்' என்போம். சோம்பலல்ல, கணக்குத்தான். சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டியிருந்தால் அந்த நோவு வந்திராது.

இனி வகுப்பு முறைக்கு வருவோம். சடுதியில் வந்ததா, நாட்பட வந்ததா என்பது முதற் கேள்வி. எந்தப் பொருளிலே பட்டது என்பது இரண்டாவது: தோலா, தசையா, தசையை எலும்போடு கட்டும் நாணா, எலும்பை எலும்போடு கட்டும் பிணைநாரா, குருத்தெலும்பா, எலும்பா, நரம்பா. எவ்வளவு என்பது மூன்றாவது. பிணைநாரை எடுத்துக்கொண்டால் மூன்று படி சொல்லுவர். கிணற்றுக் கயிறு இரண்டொரு புரி விட்டது முதற்படி. பாதி அறுந்து வாளி ஆடுவது இரண்டாம் படி. வாளி கிணற்றுக்குள் விழுந்துவிட்டது மூன்றாம் படி. முதற்படியிலே மூட்டு உறுதியாக நிற்கும். மூன்றாம் படியிலே தளர்ந்து விலகும். இதிலே ஏமாற்றம் ஒன்றுண்டு. பாதி அறுந்ததிலே நோவு கடுமை; முற்றாக அறுந்ததிலே சிலவேளை நோவு குறைவு, ஏனெனில் இழுபடுவதற்கு நார் இல்லை. நோவு நின்றதைச் சுகம் என்று நாம் கொண்டது இந்த ஏமாற்றத்தாலேதான்.

இவற்றுக்கெல்லாம் தமிழிலே பெயரில்லை என்று சொல்வோருக்கு ஒரு செய்தி. இங்கிருந்து சைக்கிளிற் கால்மணி நேரத்தில் மானிப்பாய்க்குப் போய்விடலாம். 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் அங்கேயிருந்து வைத்தியம் கற்பித்தார். பிற்காலத்திலே தமிழிலேயே கற்பித்தார். அவர் 1867இல் வெளியிட்ட 'இரணவைத்தியம்' என்ற நூல் சத்திரவைத்தியத்தைத் தமிழிலே கூறுவது. 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' வந்தது. உடம்பின் உறுப்புக்கள் ஒவ்வொன்றும் அதிலே தமிழ்ப்பெயர் பெற்றன. மதத்தாலே அவர் எமக்கு வேறானவர். இந்தக் கடனை நன்றியோடு சொல்வதில் எமக்குத் தடையில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் அயலூரிலே தமிழிற் பிரித்துச் சொல்லப்பட்டதை நாம் இன்று சுளுக்கு என்ற ஒரு சொல்லுக்குள்ளே திணித்து வைத்திருப்பதுதான் வெட்கம்.

முறிவு நெரிவு பார்க்கும் பரம்பரைப் பரியாரிமாரை நாம் இகழ வரவில்லை. கையாலே தடவி எலும்பின் ஒழுங்கை அறியும் அவர்களின் திறமை பெரிது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே சித்த மருத்துவம் இன்று பட்டப்படிப்பு. உண்மையிலே தேர்ந்த பரியாரியார் எவரும் வீங்கிக்கொண்டிருக்கும் மூட்டை முதல் நாளே பிடித்து உருவமாட்டார். உருவியது நாம், ஒன்றும் படியாதவர்கள். ஆயினும் இரண்டு இடங்களிலே படம் எடாமல் கட்டுப்போடலாகாது. ஒன்று, வளரும் பிள்ளைகள். அவர்களின் எலும்பு நுனியிலே வளர்ச்சித் தட்டு என்ற மெல்லிய குருத்து உண்டு; அது பக்கத்துப் பிணைநாரிலும் மெலிவானது. ஆகவே வளர்ந்தவருக்குப் பிணைநார் இழுபடும் விழுகையிலே பிள்ளைக்கு அந்தத் தட்டுப் பிளக்கலாம். ரொறன்ரோ வைத்தியர்கள் சோல்ரர், ஹரிஸ் என்போர் 1963இல் இவற்றை ஐந்து வகையாக்கினர். கவனியாது விட்டாற் கால் குட்டையாகவோ கோணலாகவோ வளரும் வகைகளும் அவற்றுள் உண்டு. மற்றையது, கட்டுப்போட்ட பின் விரல் நீலம்பாரித்தல், விறைத்தல், அசைக்கமுடியாத நோவு. அப்போது இரவு பகல் பாராமற் கட்டைத் தளர்த்தி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தெல்லிப்பழையும் தூரமில்லை, யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையும் தூரமில்லை.

தலையையும் மார்பையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம், இவை விளையாட்டல்ல. தலையில் அடி படாமலே, உடம்பு குலுங்கித் தலை வெட்டித் திரும்பினாலும் மூளை மண்டையோட்டுக்குள்ளே அசைந்து கலங்கும். மயங்கி விழுந்தாற்றான் கலக்கம் என்பதில்லை. கேட்டதையே கேட்பவன், எந்தப் பக்கம் கோல் அடிப்பது என்று மறந்தவன், வாந்தி எடுப்பவன், அன்றைக்கு மீண்டும் இறங்கக் கூடாது. 2014இல் சிட்னியிலே பிலிப் ஹியூஸ் கழுத்திலே பந்து பட்டு இறந்தபின் துடுப்பாட்ட உலகம் விழித்தது. 2019இலிருந்து சர்வதேசப் போட்டிகளிலே தலை கலங்கியவனுக்குப் பதிலாக ஆள் இறக்க விதி உண்டு. எமது போட்டிகளிலும் அவ்விதியை வைத்துக்கொள்ள யார் தடுத்தார்? மார்பைப் பற்றி: 2015இல் இங்கிலாந்திலே தமிழர் துடுப்பாட்டப் போட்டியொன்றில் எம்மினத்து வாலிபர் ஒருவர் மார்பிற் பந்துபட்டு உயிரிழந்த செய்தி இங்கேயும் பலரை வருத்திற்று. அவருக்கு நேர்ந்ததை ஆராய நாம் தகுதியுடையோமல்லேம். பொதுவாக, இதயம் ஒரு துடிப்பிலிருந்து மறு துடிப்புக்கு ஆயத்தமாகும் நொடியின் சிறு பின்னத்திலே மார்பின்மீது பந்து பட்டால், எலும்பு முறியாமலே துடிப்புக் குழம்பிவிடக்கூடும் என்பர். அப்போது சோடா தெளித்து விசிறிக்கொண்டு நின்றாற் பயனில்லை. உடனே மார்பை அமுக்கி உயிர்ப்பூட்ட வேண்டும். 1990 என்ற இலக்கத்திற்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

மற்றக் காயங்களுக்கு மைதானத்திலே செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆட்டத்தை நிறுத்தி ஆளை அசையாமல் இருத்துக. எவ்வாறு விழுந்தார், ஓசை கேட்டதா, எவ்வளவு நேரத்தில் வீங்கிற்று என்று கேட்டு எழுதுக. ஓரிரு மணித்தியாலத்துக்குள் முழங்கால் வீங்கினால் உள்ளே இரத்தம் கசிகின்றதென்று கொள்க. கணுக்கால் பிசகியவர் நாலடி வைத்து நடக்க முடியாவிட்டால், அல்லது கணுவெலும்பின் பின்விளிம்பைத் தொட நொந்தால், படம் எடுக்க வேண்டும். 1992இல் கனடாவின் ஒட்டாவாவிலிருந்து வந்த இச்சோதனையை வைத்தியர்கள் இன்றும் கைக்கொள்கின்றனர். முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு உருவலாகாது, சூடு பிடிக்கலாகாது, மதுவும் ஆகாது. கட்டி உயர்த்தி வைக்கலாம். ஐஸ் நோவைத் தணிக்கும். ஆனால் 1978இலே ஓய்வும் ஐசும் என்று உலகுக்குச் சொன்ன மேர்கின் என்ற வைத்தியரே 2014இல், ஐஸ் ஆறுதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டார். பெரியவர்களும் மாற்றிக்கொள்கிறார்கள், எண்ணெய்க் குப்பியோடு ஓடிவரும் மாமாமாரும் சிறிது யோசிக்கலாம்.

தடுப்பதற்கு, உதைபந்தாட்டச் சம்மேளனத்தார் வகுத்த 20 நிமிட முன்பயிற்சி ஒன்றுண்டு. நோர்வே நாட்டுப் பெண்பிள்ளைகளிடையே அதனைப் பரிசோதித்து 2008இல் வெளியிட்ட முடிவின்படி, காயங்கள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்தன. ஒற்றைக் காலில் நிற்றல், குந்தி எழுதல், குதித்து மெல்ல இறங்குதல் முதலியனவே அதிலுள்ளவை. காசு வேண்டியதில்லை. எங்கள் வாலிபர்களுக்கு வேண்டியது போட்டிக்கு அரைமணி நேரம் முந்தி வரும் பழக்கம் ஒன்றே. அது கிடைப்பதுதான் அருமை.

எமது வாசிகசாலை அலுமாரியிலே இரண்டு நீண்ட பலகையும், கட்டுச் சீலைகளும், ஒரு குறிப்புப் புத்தகமும் வைத்திருக்கின்றோம். புத்தகத்தை எழுதிவருபவர் முன்னே நாம் சொன்ன அந்தத் தம்பிதான். இப்போது அவர் விளையாடுவதில்லை. கோட்டருகே கொடி பிடிக்கிறார். கூட்டம் முடிந்ததும் வெளி முற்றத்திலே அவர் முழங்காலுக்குப் பலகை கட்டும் விதத்தையும், குதித்து இறங்கும் விதத்தையும் செய்துகாட்டுவார். தாய்மார் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரலாம்.